ஆயுத பூஜை போட்டோ

நயினார்கோவில்
3-8-2003

மில்லுக்குப் போய் மேன்மை பெற்ற மூத்த சகோதரி சண்முகவள்ளி அவர்களுக்கு,

நம் வீட்டாரும், ஊராரும், கொல்லையில் மேயும் ஆடுகளும் நெடுநாளாக எதிர்பார்த்திருந்த அந்த மகத்தான நிகழ்ச்சி சென்ற வியாழக்கிழமை காலை, ஊருணிக்கரையில் பல் விளக்கும்போது நடந்தேறிவிட்டது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். உன் தம்பிக்கு மீசை முளைத்துவிட்டது.

சிரிக்காதே. கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து, வெளிச்சத்துப் பக்கம் திரும்பி நின்றால் நன்றாகவே தெரிகிறது. அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "மூஞ்சியக் கழுவுலே, அழுக்கு அப்பியிருக்கு" என்கிறாள். பெரிய மனிதர்கள் பிறந்த வீட்டில் எப்போதும் இதுதான் கதி.

அடுத்தபடியாக, இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படித்துக்கொண்டிருக்கும் வார்டன் அம்மாவுக்கு என் பணிவான வணக்கம். (அம்மா, நலமா? ஹாஸ்டலுக்கு வருகிற கடுதாசி எல்லாம் நீங்கள் பிரித்துப் பார்த்துத்தான் கொடுப்பீர்கள், அது பொம்பளப் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்று, அக்காவை மில்லில் சேர்த்துவிட்ட ஏஜென்ட் செல்லச்சாமி எங்கள் அய்யாவிடம் சொன்னாராம். இவ்வளவு பேர் கதையையும் படிக்கிறீர்களே, கண் வலிக்காதா?)

பள்ளிக்கூடத்துக்கு நஃபீசா டீச்சர் என்று புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். ஏர்வாடிக்காரர். வரலாறு. வரலாறு என்றால் குறட்டைக்கு இன்னொரு பெயர் என்று இருந்தவனை இந்த டீச்சர் தூங்கவிட மாட்டேன் என்கிறார். தொழிற்புரட்சிப் பாடத்துக்குப் புத்தகத்தையே திறக்கவில்லை. இராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து நூறு வருசத்துக்கு முந்தின போட்டோக்களாகப் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்துவிட்டார். இங்கிலாந்து, அமெரிக்கா, பம்பாய் என்று எல்லா ஊர் மில்லும் இருக்கிறது. பெஞ்சுக்கு ஒரு போட்டோ. கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும்.

"முதல்ல முகத்தப் பாக்காதீங்க" என்றார். "போட்டோ பிடிக்கிறவன் சிரின்னா முகம் சிரிச்சிரும். கையும் காலும் அப்படி இல்ல. அதுகளுக்கு நடிக்கத் தெரியாது. அங்கிருந்து ஆரம்பிங்க."

எங்கள் பெஞ்சுக்கு வந்த போட்டோவில் ஒரு பொடியன் நூற்கிற மிஷின் மேலேயே ஏறி நிற்கிறான். மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. காலில் செருப்பு இல்லை. கட்டைவிரலை மட்டும் உள்ளே மடக்கி வைத்திருக்கிறான். ரொம்ப நேரம் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்றும் பயமில்லை. சும்மா ஒரு பொது அறிவுக்காகக் கேட்கிறேன். உங்கள் மில்லில் செருப்பு உண்டா?

இப்படிக்கு,
மீசைக்காரன் தனுஷ்கோடி
(கடல் ஊரைக் கொண்டுபோனது, பேரை மட்டும் எனக்கு விட்டுவைத்தது)


மில் ஹாஸ்டல்
18-8-2003

ஏலே தனுசு,

ஒன் கடுதாசியப் படிச்சுச் சிரிச்சதுல தண்ணி புரையேறி, பக்கத்துக் கட்டில்காரி பூமயிலு தலையில தட்டுனா. அவளுக்கும் படிச்சுக் காட்டுனேன். அவளும் நம்ம பக்கத்துப் பிள்ளைதான், முதுகுளத்தூர். மீசையப் பத்தி அவ ஒரு சந்தேகம் கேட்டா. அத எழுதுனா நீ அழுதுருவ. அம்மா சொன்னதே சரின்னு வச்சுக்க.

வார்டன் அம்மாவ அப்படியெல்லாம் கிண்டல் பண்ணி எழுதாத. ஒனக்கு விளையாட்டு. இங்கன கடுதாசி குடுக்கும்போது அவுக என் மூஞ்சியப் பாத்தாக. அந்தப் பார்வை எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு.

செருப்பு உண்டு. ஹாஸ்டல்ல. மிஷின்கிட்டப் போறப்ப கழட்டி வச்சுறணும். தலைக்குத் தொப்பி குடுத்திருக்காக, கோட்டு குடுத்திருக்காக. எனக்கு ஸ்பின்னிங்கு. நூல் அறுந்தா ஓடிப்போயி ஒட்டணும். இந்தக் கோடியில ஒட்டிட்டு நிமிந்தா அந்தக் கோடியில அறுந்திருக்கும். சத்தம் ஒண்ணுதான் கஷ்டம். பேச்சே கேக்காது. எல்லாம் சைகைதான். வாய்க்கு வேலையே இல்ல. நீ இங்கன வந்தா ரெண்டு நாள்ல செத்துருவ.

மூக்குல, புருவத்துல, காபித் தம்ளர்ல எல்லாம் பஞ்சு. அம்மாகிட்ட இருமலப் பத்திச் சொல்லாத. எல்லாருக்கும் உள்ளதுதான்.

மூணு வருசம் முடிச்சா மொத்தமாக் குடுப்பாக, கல்யாணத்துக்கு ஆகும்னு சொல்லித்தான அய்யா அனுப்புனாரு. அதுல பாதி தாண்டிட்டேன். மழை ரெண்டு வருசமா ஏமாத்துன ஏமாத்துக்கு மிளகாக் கொல்லையும் போனா அவரு என்ன செய்வாரு? அதுனால நான் நல்லாத்தான் இருக்கேன்.

தீபாவளிக்கு லீவு விடுறாக. வாரேன். மீசையோட பஸ் ஸ்டாண்டுல நில்லு.

அந்த மிஷின் மேல நிக்கிற பையன் என்னைக்காவது கீழ எறங்குனானான்னு ஒங்க டீச்சரக் கேட்டுச் சொல்லு.

அன்புடன்
அக்கா


நயினார்கோவில்
7-9-2003

மரியாதைக்குரிய வார்டன் அம்மாவுக்கும் (இனிக் கிண்டல் இல்லை, சத்தியம்), மில்லில் கோன் கோனாக நூல் சுற்றிக் கடைசியில் நீயே ஒரு நூல் கூம்பு ஆகிவிடுவாயோ என்று நான் அஞ்சும் அக்காவுக்கும்,

கேட்டேன். "அவன் எறங்குனானான்னு போட்டோவுல தெரியாதுப்பா. போட்டோவுக்கு அதுதான் ஒரு கொறை. அடுத்த நிமிசத்தக் காட்டாது" என்றார் டீச்சர். எனக்கு அந்த பதில் பிடிக்கவில்லை. இறங்கினான், வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு டீச்சருக்கு இவ்வளவு உண்மை ஆகாது.

போன வாரம் ஒரு போட்டோ. மில் வாசலில் வரிசையாகப் பிள்ளைகள். ஒரு பையன் மட்டும் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறான். "ஸ்டைல், டீச்சர்!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "பைக்குள்ள ஒரு கை இருந்தா துணி புடைக்கணும்ல தனுஷ்கோடி? புடைச்சிருக்கா?" என்றார். பார்த்தேன். துணி தட்டையாகக் கிடந்தது. மத்தியானச் சோறு எனக்கு இறங்கவில்லை. பூசணிக்காய்ச் சாம்பார், அதனாலும் இருக்கலாம்.

இன்னொன்று. பம்பாயில் ஒரு மில் பெண்கள் எல்லாரும் சலவைச் சேலை கட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். "நல்ல மில்லு போல" என்றான் முனியசாமி. என் பக்கத்தில் உட்காருவானே, அந்த ஒல்லிப்பிச்சான். டீச்சர் கேட்டார்: "இந்த போட்டோவுக்குக் காசு குடுத்தது யாரு?" முதலாளி என்றோம். "அப்ப யாரு பாக்குறதுக்காக எடுத்தது?"

இப்போது வகுப்பில் என்னை வெல்ல ஆள் கிடையாது. போட்டோவைக் காட்டினால் போதும், எடுத்தவன் சாப்பிட்டது இட்லியா தோசையா என்று சொல்லிவிடுவேன். ஆகவே உன் போட்டோ ஒன்று அனுப்பு. அம்மா கேட்கிறாள். எனக்கெல்லாம் வேண்டாம்.

மீசைக்காரன்
(அது கறுத்துக்கொண்டே வருகிறது)


மில் ஹாஸ்டல்
8-10-2003

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீங்கள் அனைவரும் நலம் என நம்புகிறேன். இங்கு எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வார்டன் அம்மா எங்களைத் தாய் போல் கவனித்துக்கொள்கிறார்கள். நிர்வாகத்தார் ஆயுத பூஜையைச் சிறப்பாகக் கொண்டாடினார்கள். அன்று எடுத்த போட்டோவை இத்துடன் அனுப்பியுள்ளேன். இரண்டாம் வரிசையில் நான் இருக்கிறேன்.

ஆர்டர் அதிகமாக இருப்பதால் தீபாவளிக்கு வர இயலாது. அதற்காக யாரும் இங்கு வர வேண்டாம். வீண் அலைச்சல். அய்யாவிடம் சொல்லவும்.

கருவாச்சிக்கு முன்னங்கால் ஆறிவிட்டதா? அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அதை நன்றாகக் கவனித்துக்கொள்.

இப்படிக்கு
சண்முகவள்ளி


நயினார்கோவில்
13-10-2003

இரண்டாம் வரிசை இளவரசிக்கு,

கடிதம் கிடைத்தது. யார் எழுதியது? எழுத்தெல்லாம் பூ வேலை செய்த மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. உன் எழுத்து அடை மழையில் ஓடுகிற கோழி அல்லவா? மில்லில் கையெழுத்து வகுப்பும் நடத்துகிறார்களா? "நிர்வாகத்தார்", "இயலாது". என்னை "ஏலே" என்று கூப்பிடக் கூட மறந்துவிட்டாய். அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பிள்ளைக்குக் கோவமோ" என்கிறாள்.

அதைவிடப் பெரிய கூத்து, கருவாச்சியை விசாரித்தது. பஞ்சு மூளைக்குள்ளும் போய்விட்டதா அக்கா? கருவாச்சி செத்து எத்தனை காலம் ஆகிறது. சைக்கிள் கேரியரில் வைத்து நான் ஓட்டிக்கொண்டு வந்தபோது சக்கரக் கம்பியில் முன்னங்கால் மாட்டி, கால் போய், சீழ் வைத்து, நீதான் மூன்று நாள் மடியில் போட்டுக்கொண்டு அழுதாய். செத்த ஆட்டுக்கு நலம் விசாரித்த முதல் மில் தொழிலாளி நீதான். இதையும் டீச்சரிடம் சொன்னால் வரலாற்றில் சேர்ப்பார்.

தீபாவளிக்கு வரமாட்டாய் என்றதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. அதிரசம் மிச்சம்.

ஆனால் போட்டோ பிரமாதம். தொப்பி, கோட்டு, எல்லாரும் வெள்ளைக்காரிகள் மாதிரி இருக்கிறீர்கள். சிரிப்பு பல் தெரிகிற அளவுக்கு. பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. பரமக்குடிக்குப் போய் அதைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் போட்டேன். முகமெல்லாம் கொஞ்சம் கருத்துவிட்டது, அதுவும் நல்லதுதான், உன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது. டீத்தண்ணியில் முக்கி வெயிலில் காயவைத்தேன். ஓரத்தைக் கொஞ்சம் பொசுக்கினேன். டீச்சர் மாதிரியே அட்டையில் ஒட்டியாகிவிட்டது. நூறு வயசு ஆகிவிட்டது உனக்கு!

டீச்சரின் கட்டுக்குள் இதைச் செருகப்போகிறேன். "இது எந்த தேசம், எந்த வருசம்?" என்று டீச்சர் கேட்பார். ஆளாளுக்கு லண்டன், மான்செஸ்டர் என்று உளறுவார்கள். கடைசியில் நான் எழுந்து நின்று, "இது என் அக்கா" என்பேன். பள்ளிக்கூடமே எழுந்து நின்று கைதட்டும். முடிவை எழுதுகிறேன்.

மகா கெட்டிக்காரன்,
மீசைக்காரன் தனுஷ்கோடி


17-10-2003

அக்கா,

இது தபாலில் வரவில்லை. பூமயில் கொண்டுவருவாள். அவளுடைய அய்யா இறந்துபோனதற்கு அவளை அனுப்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, முதுகுளத்தூர் பஸ் ஏறி வந்து, பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழவு வீட்டிலும் ஏஜென்ட் செல்லச்சாமி அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "யார்லே நீ?" என்றார். உறவுக்காரப் பையன் என்றேன். "எங்கக்கா எப்படி இருக்கு?" என்று அவளிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றாள்.

நான் பயந்தது அவள் சொன்னதற்கு அல்ல, அவரைப் பார்த்ததற்கு. தண்ணி கொடுக்கிற சாக்கில் இதை அவள் கையில் திணிப்பேன்.

நேற்று வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கிண்டல் இல்லாமல் எழுத எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்.

செருகியிருந்தேன். டீச்சர் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். நம்முடையது வந்ததும் கொஞ்சம் நின்றார். தான் பிரிண்ட் எடுத்ததில் ஒன்று என்றே நினைத்துக்கொண்டார். "இதுல ஊர் பேர் எழுதாம விட்டுட்டேன். நீங்களே கண்டுபிடிங்க" என்று கரும்பலகை ஓரத்தில் நிறுத்திவைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் எழுந்தது முனியசாமி.

"டீச்சர், எல்லாப் பொண்ணுகளும் ரெண்டு கையையும் முன்னாடி கோத்து வச்சிருக்காக. ரெண்டாவது வரிசையில ஒரு பொண்ணுக்கு மட்டும் ஒரு கைதான் தெரியுது. வலது கைய முன்னாடி நிக்கிற பிள்ள முதுகுக்குப் பின்னாடி வச்சிருக்கு."

"மறைச்சிருக்கா, மறைஞ்சிருக்கா?" என்றார் டீச்சர்.

"மறைச்சிருக்கு டீச்சர். தோள் அந்தப் பக்கம் சாஞ்சிருக்குல்ல."

அப்புறம் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி: "பக்கத்துல நிக்கிற பொண்ணு அவ இடுப்பப் பிடிச்சிருக்கு. பாசமாப் பிடிச்ச மாதிரி இல்ல. கீழ விழுந்துறாமப் பிடிச்ச மாதிரி இருக்கு."

"எல்லாரும் கேமராவப் பாக்குறாக. இவுக ரெண்டு பேரு தலை மட்டும் ஓரத்துல நிக்கிற அந்தப் பெரியம்மா பக்கம் திரும்பியிருக்கு."

"பெரியம்மா கையில சாவிக்கொத்து."

என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தப் போட்டோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! ஜெராக்ஸ் போட்டேன், டீயில் முக்கினேன், ஒட்டினேன். உன் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். முகம் சிரித்தது. போதும் என்று விட்டுவிட்டேன். ஜெராக்ஸில் முகம் கருத்துப்போனதால் மற்றவர்களுக்குக் கைதான் கண்ணில் பட்டிருக்கிறது.

டீச்சர் கடைசியாகச் சொன்னார்: "இந்தப் பொண்ணு இப்ப உயிரோட இருக்க மாட்டா. இருந்தா நூறு வயசுக்கு மேல. ஆனா அவகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கலாம்னு வச்சுக்குவோம். என்ன கேப்பீங்க?"

"வலிச்சுச்சா?" என்றது ஒன்று. "ஒங்க வீட்டுக்குத் தெரியுமா?" என்றது ஒன்று. "யார்கிட்டயாச்சும் சொல்லப் பாத்தியா?" என்றான் முனியசாமி.

"தனுஷ்கோடி, நீ?"

எழுந்து நின்று "இது என் அக்கா" என்று சொல்ல இருந்தவன், காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். வந்து உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். வேறு ஆள் எழுத்து. கருவாச்சி. முன்னங்கால்.

நீ சொல்லப் பார்த்திருக்கிறாய். நான் அதை வைத்துக் கிண்டல் பண்ணி எழுதியிருக்கிறேன்.

வகுப்பில் கேட்காததை இப்போது கேட்கிறேன். அக்கா, உன் வலது கை எங்கே?

தனுசு


(நூல் கோன் சுற்றி வரும் தாளின் பின்பக்கம், பென்சிலில்)

20-10

தனுசு

எடது கையில எழுதுறேன். கோழி எழுத்துன்னு சிரிப்ப. சிரி.

ஸ்பின்னிங்குல இருந்து பஞ்சு சீவுற கார்டிங்கு மிஷினுக்கு மாத்துனாக. பஞ்சு அடைச்சிருச்சு. மிஷின நிப்பாட்டாம எடுக்கச் சொன்னாக. எடுத்தேன். மூணு வெரலு. கட்டைவெரலும் சுண்டுவெரலும் இருக்கு.

விளையாடுனதுல நேந்துச்சுன்னு சொல்லச் சொல்லி எழுதி வாங்கிட்டாக. இங்கனயே கட்டுப் போட்டாக. இன்னும் நீர் வடியுது. ராவானா காய்ச்சலு. வீட்டுக்குச் சொன்னா மூணு வருசத்துக்குக் கெடைக்கிறது கெடைக்காதுங்கறாக. அப்படி நான் வெறுங்கையோட வந்தா அய்யா ஒடைஞ்சு போவாரு. கல்யாணத்துக்குன்னு அனுப்புன பிள்ள இந்தக் கையோட.

அந்தக் கடுதாசி எழுதுனது பூமயிலு. வார்டன் சொல்லச் சொல்ல. ஆடு மட்டும் நான் சொன்னது.

காய்கறி வண்டிக்காரர்ட்ட இதக் குடுத்து விடுறேன். நீ வராத. சின்னப்பய ஒன்னய என்னமும் செஞ்சுருவாக. பயமாருக்கு.

வராதன்னுதான் எழுதுறேன். ஆனாலும்


நயினார்கோவில்
22-10-2003

பெருமதிப்பிற்குரிய வார்டன் அம்மா அவர்களுக்கும் அக்காவுக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள்.

அக்கா நலமாக இருப்பது அறிந்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். தங்கள் தாயுள்ளத்துக்கு நன்றி. நாங்கள் யாரும் அங்கு வரும் உத்தேசம் இல்லை.

அக்கா, நீ கருவாச்சியைக் கேட்டிருந்தாய் அல்லவா? நான் போன கடிதத்தில் ஏதோ தவறாக எழுதிவிட்டேன். கருவாச்சி சாகவில்லை. வேறொருத்தர் தொழுவத்தில் கட்டிக் கிடக்கிறது. தீபாவளி கழிந்ததும் போய் அவிழ்த்துக்கொண்டு வரப்போகிறேன். துணைக்கு யாரும் வேண்டாம். நான் ஒருத்தனே போதும். தொழுவத்துக்காரன் வாசலில் நின்று என்ன உறுமினாலும் சரி, சட்டையைப் பிடித்து ஒரு உலுக்கு. என்னைப் பற்றித்தான் தெரியுமே.

கால் போன ஆடு என்றால் வீட்டுக்கு ஆகாதா என்ன? அய்யாவும் அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மிளகாய்க் கொல்லையில் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். ஆனால் சொன்னது அதைத்தான்.

மீசைக்காரன்


மதுரை, பெரியாஸ்பத்திரி
9-11-2003

ஏலே தனுசு,

எடது கை இப்பக் கொஞ்சம் சொன்னபடி கேக்குது. ரெண்டாவது ஆப்பரேசன் முடிஞ்சுச்சு. கை இருக்கும்னு சொல்லிட்டாக. இன்னும் கொஞ்சம் நாள் விட்டிருந்தா மணிக்கட்டோட போயிருக்குமாம். டாக்டர் சொல்றப்ப அம்மா என் காதப் பொத்துனா. நான் மில்லுல வேலை பாத்தவ, ஒதட்டப் பாத்தே தெரிஞ்சுக்கிருவேன்னு அவளுக்குத் தெரியாது.

ஒன் கதைதான் இந்த வார்டு பூராம். நீ சொன்னத அம்மா எல்லாக் கட்டிலுக்கும் சொல்லிட்டா. மில் வாசல்ல வாட்ச்மேன் சட்டையப் பிடிச்சு, "எங்கக்காவ விடுங்கடா"ன்னு நின்னியாமே. மேனேஜர் மேசையில ஓங்கிக் குத்துனியாமே. வார்டன் ஒன் காலுல விழாத கொறையாமே. அடுத்த கட்டில் அம்மா, "இப்படி ஒரு தம்பி எனக்கில்லையே"ன்னு பெருமூச்சு விடுது.

நான் உள்ள கெடந்தேன், ஒண்ணும் பாக்கல. என்னய ஆபீசுக்குக் கூப்பிட்டப்ப அய்யாவும் ஒங்க டீச்சரும் இருந்தாக. நீ வெளியில வண்டி பிடிக்கப் போயிருக்கன்னு டீச்சர் சொன்னாக. ஆனா பஸ்ஸுல வர்ற வழி பூராம் நீ என் மூஞ்சிய விட்டுக் கண்ண எடுக்கல. அத நான் பாத்தேன். பாதி வலி அதுலயே போயிருச்சு.

ராத்திரி கண்ண மூடுனா மிஷின் சத்தம் கேக்குது. பூமயிலு இன்னும் உள்ளதான் இருக்கா. எனக்குப் பதிலா அவளக் கார்டிங்குல போட்டிருப்பாகளோன்னு ஒரே திகிலா இருக்கு. மேசையில குத்துன ஒன் கைய வச்சு அவளுக்கும் ஏதாச்சும் செய்யேன்.

அக்கா


நயினார்கோவில்
14-11-2003

அக்கா,

இன்று குழந்தைகள் தினம். பள்ளிக்கூடத்தில் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். அது எனக்குத் தகும் என்பதை இந்தக் கடிதத்தைப் படித்தால் நீயே ஒத்துக்கொள்வாய்.

நான் ஒருத்தனாகப் போகவில்லை. உன் பென்சில் கடிதம் வந்த அன்றே ஸ்டாஃப் ரூமுக்குப் போய் டீச்சர் முன்னால் நின்று அழுதேன். மூக்கு ஒழுக அழுதேன். டீயில் முக்கின போட்டோவைப் பற்றிச் சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். டீச்சர் அந்த அட்டையை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். "செத்துப்போயிருப்பான்னு வகுப்புல சொன்னேனே, யா அல்லாஹ்" என்றார். அப்புறம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நேராக அய்யாவைப் பார்க்க வந்தார்.

மில் வாசலில் வாட்ச்மேன் என்னைத்தான் முதலில் நிறுத்தினான். பெரியவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றான். "நான் பெரியவன்தான், மீசை தெரியலையா?" என்றேன். அவன் பார்த்தான். வெயிலோ, பயமோ, எனக்கு ஒரேயடியாக வேர்த்திருந்தது. "தம்பி, ஒன் மீசை வாய்க்குள்ள வடியுது, தொடச்சிட்டு வா" என்றான். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் சிரித்தார்கள். நான் எதிரில் இருந்த டீக்கடைக்குள் ஓடிப்போய் விறகுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். வண்டி பிடிக்கவெல்லாம் போகவில்லை. அவன் சட்டை என்ன நிறம் என்று கேட்டால்கூட எனக்குத் தெரியாது.

உள்ளே நடந்தது அய்யா சொல்லித்தான் எனக்கும் தெரியும். யாரும் மேசையில் குத்தவில்லை. டீச்சர் அந்தப் போட்டோவை மேனேஜர் முன்னால் வைத்து, மெதுவாகத்தான் பேசினாராம். "இத என் வகுப்புல எல்லாப் பிள்ளைகளும் பாத்திருக்கு. இதுல எந்தக் கை இல்லன்னு ஒவ்வொண்ணுக்கும் தெரியும். எழுதியும் வச்சிருக்கு. இந்தப் பிள்ளைய இவுக அய்யாகூட அனுப்புங்க." அவ்வளவுதான். நம் அய்யா ஒன்று மட்டும் சொன்னாராம்: "எங்களுக்கு வேற எதுவும் வேணாம், பிள்ளையக் குடுங்க."

அந்த வகுப்புதான் இப்போது பூமயிலுக்கும். டீச்சர் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதியிருக்கிறார். போட்டோவைப் படித்ததை அவரவர் கையால் எழுதி எல்லாரும் அதோடு கொடுத்திருக்கிறோம். முனியசாமி இரண்டு பக்கம். திங்கட்கிழமை பூமயிலின் அம்மாவும் டீச்சரும் மில்லுக்குப் போகிறார்கள். நானும் போகிறேன். இந்தத் தடவை டீக்கடைக்குள் ஓடாமல் இருப்பேன் என்று சத்தியம் பண்ணப் பயமாக இருக்கிறது. வாசல் வரைக்கும் நிச்சயம்.

பஸ்ஸில் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன் என்றாயே. அதை மட்டும் நீ பாசம் என்று வைத்துக்கொள்ளாதே. எனக்குக் கையைப் பார்க்கப் பயம். துண்டு சுற்றி மடியில் வைத்திருந்தாய். பஸ் குலுங்கும்போது துண்டு விலகிவிடுமோ என்று உயிரே போயிற்று. கையை முதலில் பாருங்கள் என்று படித்த வகுப்பில் நான்தான் முதல் ஆள் என்று பீற்றிக்கொண்டேனே, அந்த நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாரேன். கட்டை அவிழ்த்து மருந்து வைக்கிற நேரமாகப் பார்த்து வாரேன். காட்டு. பார்க்கிறேன். மயங்கி விழுந்தால் பக்கத்துக் கட்டில் அம்மாவைத் தண்ணி தெளிக்கச் சொல். தம்பி கிடைக்கவில்லையே என்ற அவர் பெருமூச்சும் அதோடு நின்றுவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீதான் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பாயே. ஆகஸ்டு மாதமும் அது அடுப்புக்கரிதான்.

இப்படிக்கு,
மீசை இன்னும் முளைக்காத
தனுசு